பிரம்புதான் ஜாக்கி சானை உருவாக்கியதா?

ஜூலை 2, மாலை 6.15 (இழையைத் தொடங்கியவர்)

நேத்து டிவில ஜாக்கி சான் பழைய படம் ஓடுச்சு. மனுஷன் என்னமா குதிக்கிறார்! சின்ன வயசுல ஹாங்காங்ல ஒரு நாடகப் பள்ளியில பத்து வருஷம் பிரம்படி வாங்கி வளர்ந்தவராம். சாமோ ஹங், யுவன் பியாவ்னு சண்டைப்பட நடிகருங்க ரெண்டு பேரும் அங்க அடிபட்டவங்கதான். அந்த அடி இல்லேன்னா அந்த உடம்பு இல்ல, அந்தப் பேரும் இல்லங்கிறது என் கருத்து. இப்ப பிள்ளைங்கள அதட்டினாலே புகார் குடுக்கறாங்க. அதனாலதான் அப்படி ஒருத்தரும் இப்ப வரல. மறுக்கிறவங்க காரணத்தோட மறுங்க.

ஜூலை 2, இரவு 10.50

மறுக்கிறேன். காரணத்தோடுதான். ஒரே மூச்சில் முடிகிற விஷயமில்லை, கை ஒழியும்போதெல்லாம் எழுதுகிறேன்.

பலர் நினைப்பது போல அது குங்ஃபூ பள்ளி இல்லை. யூ ஜிம்யுவன் என்ற மேடைக் கலைஞர் நடத்திய பீக்கிங் ஓபரா பள்ளி. பாட்டு, வசனம், அபிநயம், சண்டை எல்லாம் சேர்ந்த சீன இசைநாடகம்தான் பீக்கிங் ஓபரா. ஜாக்கி சானின் அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவில் அமெரிக்கத் தூதரகத்தில் சமையல் வேலை அமைந்தது. ஏழு வயதுப் பையனைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கே விட்டார்கள். விடியுமுன் எழுப்புவார்கள். தலைகீழாக நிற்பது, காலை விரிப்பது, கரணம், கம்பு, வாள், பாட்டு, மறுபடி கரணம் என்று நாள் போகும். பிள்ளைகளுக்குக் குருவின் பெயரிலிருந்து ‘யுவன்’ என்பதை எடுத்து மேடைப்பெயர் வைப்பார்கள். ஜாக்கி அங்கே யுவன் லோ. யுவன் பியாவும் யுவன் வாவும் அந்தப் பெயரோடே சினிமாவுக்கு வந்தவர்கள்.

அடி இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஜாக்கியே அதை விவரமாகச் சொல்லியிருக்கிறார். குருவை நன்றியோடு நினைக்கிறவரும் அவரேதான். அந்த நன்றியைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பத்து வருஷம் ஒரு பிள்ளை நாள் முழுக்கப் பயிற்சி செய்கிறது, கூடவே அடியும் வாங்குகிறது. வளர்ந்து கலைஞனாகிறது. இதில் எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

ஜூலை 2, இரவு 11.25

மேலே விட்டுப்போனது. கரணமும் சண்டையும் இந்தக் கலையில் ஒரு பங்குதான். வேடங்கள் நாலு பெரும் பிரிவு: ஆண் வேடம், பெண் வேடம், முகம் முழுக்க வண்ணம் தீட்டும் வேடம், கோமாளி. பிள்ளையின் குரல், முகவாகு, உடம்பு பார்த்துச் சின்ன வயதிலேயே ஒரு பிரிவில் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அதே பிரிவுதான். கோமாளி வேடம் கட்டுகிறவருக்கும் பாட்டு, வசனம், அபிநயம், சண்டை நாலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலை 3, இரவு 9.40

இப்போது என் முதல் சாட்சி, மெய் லான்ஃபாங் (1894-1961). பீக்கிங் ஓபராவில் இவர் பெயரைத் தாண்டி ஒரு பெயர் இல்லை. பெண் வேடக்காரர். 1919இல் ஜப்பான், 1930இல் அமெரிக்கா, 1935இல் சோவியத் ஒன்றியம் என்று போனவர். மாஸ்கோவில் இவருடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் சீன நடிப்பைப் பற்றி எழுதினார்.

இவர் எப்படிக் கற்றுக்கொண்டார் தெரியுமா? குரு பெயர் வூ லிங்ஷியென். மேஜைமேல் காங்ஷி பேரரசர் காலத்து நாணயங்களை அடுக்கி வைத்திருப்பார். பையன் ஒரு பாட்டுப் பகுதியை ஒருமுறை பாடினால் ஒரு நாணயம் அடுக்கிலிருந்து அரக்குத் தட்டுக்குப் போகும். பத்து ஆனதும் நாணயங்கள் பழைய இடத்துக்குத் திரும்பும், மறுபடி முதலிலிருந்து. ஒரு பகுதிக்கு இருபது முறை, முப்பது முறை. பாட்டு எப்போதோ மனப்பாடம் ஆகியிருக்கும், பையனுக்குக் கண் சொருகும், குரு விடமாட்டார்.

குருவின் கையில் ஒரு மரக்கட்டையும் இருந்தது. தாளம் தட்டவும் அதுதான், மாணவனை அடிக்கவும் அதுதான். குரு தன்மேல் அதை ஒருநாளும் பயன்படுத்தவில்லை என்று மெய் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார்.

1904இல் முதல் மேடை. வானத்து நெசவுக்காரப் பெண் வேடம், பறவைகள் கட்டிய பாலத்தில் ஏற வேண்டும். பையன் சின்னவன் என்பதால் அந்தக் குருவே தூக்கிப் பாலத்தில் ஏற்றிவிட்டார்.

ஜூலை 5, மதியம் 1.10

“மெய் பிறவி மேதை, அவருக்கு அடி தேவைப்படவில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அடக் கடவுளே! அவருக்கு முதலில் பாடம் சொல்ல வந்த ஆசிரியர், எல்லாப் பிள்ளைகளும் பாடுகிற நாலு வரி இந்தப் பையன் வாயில் ஏறவில்லை என்று வெறுத்துப்போய், “கலைக்கடவுள் உனக்கு இந்தச் சோற்றை எழுதவில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்.

கண்ணும் சரியில்லை. கிட்டப்பார்வை, இமை தொங்கும், பார்வை சட்டென்று திரும்பாது. பெண் வேடத்துக்குக் கண்தானே பாதி உயிர்? பதினேழு வயது வாக்கில் புறா வளர்க்க ஆரம்பித்தார், பொழுதுபோக்காகத்தான். உயரத்தில் சுற்றும் கூட்டத்தில் தன் புறா எது, அடுத்த வீட்டுப் புறா எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். துணி கட்டிய நீளமான மூங்கிலை ஆட்டித்தான் மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும். வருஷக்கணக்கில் செய்ததில் கண்ணும் தெளிந்தது, கனமான உடைகளோடு கையை வீசும் பலமும் வந்தது.

(சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறாவுக்குத் தீனி போடக் கிளம்பிவிடாதீர்கள், அபராதம் வரும். இருட்டறையில் ஊதுவத்தி நுனியைக் கண்ணால் தொடர்வதும் பழைய பயிற்சிதான். அதற்கு அபராதமில்லை.)

ஜூலை 6, இரவு 8.30

இரண்டாவது சாட்சி செங் யான்ச்சியு (1904-1958). மெய்யோடு சேர்த்துப் பெண் வேடத்தின் நாலு பெரியவர்கள் என்று சொல்வார்களே, அதில் ஒருவர். மஞ்சூ குடும்பம். அப்பா இறந்து வீடு நொடித்துப்போன பிறகு, ஆறு வயதில் ரோங் தியேஷியென் என்ற நடிகரிடம் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டார். ஒப்பந்தம் என்றால் பாடம் மட்டுமில்லை. குருவின் வீட்டு வேலை முழுக்கப் பையன் தலையில். பின்னால் சம்பாதிக்கப்போவதும் குருவுக்கே.

நான் பிசியோதெரபிஸ்ட். இவருடைய கதையில் ஓர் இடத்தை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. ஒருநாள் கால் விரிப்புப் பயிற்சி முடிந்து காலில் ரத்த ஓட்டம் சீராகுமுன் குரு காலிலேயே அடித்து நொறுக்கிவிட்டார். ரத்தம் கட்டிக் கட்டியாக நின்றுவிட்டது. அந்தக் காலோடுதான் அவர் ஆடினார், பெரிய பெயர் வாங்கினார். 1930களில் ஐரோப்பா போனபோதுதான் ஒரு ஜெர்மன் மருத்துவர் அறுவை செய்து சரிப்படுத்தினார். அதுவரை வருஷக்கணக்கில் அந்தக் கட்டிகளோடு!

குரல் உடைகிற வயதிலும் அவரைக் குரு விடவில்லை. அந்த நேரத்தில் தினம் பாடினால் குரல் மொத்தமாகப் போய்விடும். ஆனால் ஷாங்காயில் ஆடப் பணம் பேசியாகிவிட்டது. லுவோ யிங்கோங் என்ற கவிஞர் குறுக்கே விழுந்து, பணம் கட்டிப் பையனை ஒப்பந்தத்திலிருந்து மீட்டார். ஓய்வு கொடுத்தார், படிக்க வைத்தார், நல்ல ஆசிரியர்களிடம் சேர்த்தார். அதில் ஒருவர் வாங் யாவ்ச்சிங். உடைந்த பிறகு செங்குக்கு வந்த குரல் பழைய பளிச்சென்ற குரலில்லை, உள்ளடங்கிய குரல். அதை மாற்றப் பார்க்காமல் அந்தக் குரலுக்கென்றே பாணி அமைய வழிகாட்டினார் வாங். இன்றைக்கு ‘செங் பாணி’ என்று உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்களே, அது அங்கே பிறந்தது.

ஜூலை 6, இரவு 11.55

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். “அப்படியானால் செங்கும் அடிவாங்கியவர்தானே, பெரிய கலைஞர் ஆகிவிட்டாரே” என்று காலையில் யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். அடித்தவர் கையில் இருந்தபோது காலும் கெட்டது, குரலும் கெட இருந்தது. பணம் கட்டி மீட்டெடுத்த பிறகு வந்ததுதான் நாம் கேட்கும் செங் யான்ச்சியு. அடிப்படைப் பயிற்சி ரோங் வீட்டில் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன், செங்கும் அதை மறைத்ததில்லை. அந்தப் பயிற்சிக்கு அந்தக் கட்டிகள் எதற்கு?

ஜூலை 9, மாலை 7.20

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மெய்க்கும் செங்குக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். ஊரும் ஒன்று, கலையும் ஒன்று, இருவருமே பெண் வேடம். ஒருவர் அடிபடவில்லை, ஒருவர் கால் கெடும்வரை அடிபட்டார். குணம் காரணமா? இல்லை என்று எனக்குப் படுகிறது. மெய்யின் தாத்தா மேடையில் பெரிய பெயர், சித்தப்பாவோ பெரியப்பாவோ ஒருவர் புகழ்பெற்ற பிடில் வாசிப்பாளர். பையன் பாடம் கேட்டது அத்தான் முறையாகிற ஒருவர் வீட்டில். பணம் குறைந்த குடும்பம்தான், ஆனால் தட்டிக்கேட்க ஆள் இருந்தது. செங்குக்கு யாருமில்லை. காகிதத்தில் அவர் குருவின் சொத்து.

பிரம்பு கலையிலிருந்து வரவில்லை, ஒப்பந்தத்திலிருந்து வந்தது. இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

பெய்ஜிங்கில் 1904இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். பின்னாளில் ஃபூலியன்செங் என்று பெயர். நியு என்ற வியாபாரியின் பணம், யே சுன்ஷான் என்ற நடிகரின் நிர்வாகம். 1948 வரை நடந்தது, 700க்கும் மேற்பட்டவர்கள் படித்து வெளியே வந்தார்கள். ஏழாண்டு ஒப்பந்தம். சோறும் துணியும் பள்ளியுடையது, பிள்ளை ஆடிச் சம்பாதிப்பதும் பள்ளியுடையது. பிள்ளைக்கு நோய் வந்தாலோ, விபத்தில் செத்தாலோ, கிணற்றில் விழுந்தாலோ விதி. ஓடிப்போனால், அடங்காமல் அடிபட்டுச் செத்தால் கேட்க முடியாது. பெற்றவர் இதற்குக் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார். எழுத்தில்!

அங்கே ஒரு வழக்கம்: ஒரு பிள்ளை தப்பு செய்தால் மொத்த வகுப்புக்கும் அடி. பெஞ்சில் ஒருவர் பின் ஒருவராகப் படுக்க வேண்டியதுதான். தப்பே செய்யாத பிள்ளை அதில் என்ன கலையைக் கற்றிருக்கும், சொல்லுங்கள்.

ஜூலை 9, இரவு 9.05

ஃபூலியன்செங்கைப் பற்றி நல்லதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மா லியன்லியாங், தான் ஃபூயிங், யே ஷெங்லான், யுவான் ஷீஹாய் எல்லாம் அங்கே வந்தவர்கள். பெயரின் நடுவில் இருக்கும் லியன், ஃபூ, ஷெங், ஷீ என்பவை எந்த அணி மாணவர் என்பதைக் காட்டும். இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான் ஹாங்காங் பள்ளியின் ‘யுவன்’.

அங்கே பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய செல்வம் மேடை. பகலில் குவாங்ஹெலோ அரங்கில் பிள்ளைகளின் ஆட்டம் நடக்கும், காசு கொடுத்து ஜனம் வரும். பத்து வயதுப் பையன் காலையில் கற்றதைப் பிற்பகலில் கூட்டத்துக்கு முன்னால் செய்து பார்க்கிறான். சரியாக வந்தால் உடனே சபாஷ் கேட்கும், சறுக்கினால் முகத்துக்கு நேரே கூச்சல் கேட்கும். மறுநாள் மறுபடி மேடை. ஏழு வருஷம் இப்படி. உலகத்தில் எந்தப் பிள்ளைக்கு இது கிடைத்தாலும் தேறிவிடும்.

ஜூலை 14, காலை 11.30

“பக்கத்தில் போய்ப் பார்த்தவர் போல எழுதுகிறீர்களே” என்று கேட்ட தம்பிக்கு: இங்கே சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் ஓபரா அசைவுகளுக்குத் தொடக்க வகுப்பு நடக்கிறது. வேலை விஷயமாகத்தான் முதலில் போனேன், நடனமாடுகிறவர்களின் முழங்கால்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆர்வம். பிறகு சேர்ந்துவிட்டேன். ஆசிரியை வட சீனாவிலிருந்து வந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் லாவ்ஷி, அதாவது சீனத்தில் ஆசிரியர், என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் பாடம் நடை. பெண் வேடக்காரர் மேடையைச் சுற்றி ஓடினால் பாவாடை மட்டும் வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும், தலை ஏறி இறங்காது. அதற்கு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தாள். விழாமல் சுற்ற வேண்டும். குதிகால் ஊன்றி, பாதம் உருண்டு, விரலில் முடிந்து, அடுத்த குதிகால். தொழில்முறையில் எனக்கு அந்த நடையின் தசைகள் அத்தனையும் தெரியும். தாள் அதற்காக நிற்கவில்லை.

அப்புறம் ஊசி. ஒரு பழைய நாடகத்தில் இளம்பெண் வாசலில் உட்கார்ந்து தைப்பாள். கையில் ஒன்றும் இருக்காது. நூலை உருவி, நுனியை வாயில் நனைத்து, முறுக்கி, கண்ணைச் சுருக்கிக் காதில் கோக்க வேண்டும். நான் கோத்துவிட்டேன் என்ற நிம்மதியில் கையைத் தொங்கவிட்டேன். லாவ்ஷி அப்படியே நிறுத்தினார். “ஊசி எங்கே?” நான் விழிக்க, அவர் குனிந்து என் காலடியில் தேடினார். நிஜமாகவே தேடினார், பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கண்டெடுத்து, இரண்டு விரலால் பிடித்து என் கையில் கொடுத்தார். வாங்கும்போது குத்திவிடுமோ என்று என் விரல் தானாக விலகியது. “ஆ, இப்போது உன் கையில் ஊசி இருக்கிறது” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஊசி தொலைந்ததில்லை.

ஜூலை 15, இரவு 10.15

வலியே இல்லாத கலை என்று நான் சொல்வதாக இரண்டு பேர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இல்லையப்பா. வலிக்கும். எவ்வளவு வலிக்கும் என்று தலைக்கட்டு ஒன்றைச் சொன்னாலே விளங்கும்.

முகப்பூச்சு முடிந்ததும் நெற்றியைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டுவார்கள். புருவத்தின் வெளிநுனியையும் கண்ணின் ஓரத்தையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்கிச் சுற்றுவார்கள். அந்தச் சாய்ந்த கண் அழகெல்லாம் அப்படி வருவதுதான். பெண் வேடத்துக்கு மேலும் ஒரு வேலை உண்டு. எல்ம் மரச் சீவலை நீரில் ஊறவைத்தால் கொழகொழவென்று ஒரு பசை வரும். அதில் தோய்த்துச் சீவிய முடிக்கற்றைகளை நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டுவார்கள். அகன்ற ஆண் முகம் முட்டை வடிவப் பெண் முகமாவது இந்தக் கற்றைகளால்தான். அதற்குமேல் நனைத்த மெல்லிய கறுப்புத் துணி, நகைகள். துணி காயக் காய இறுகும்.

கட்டி விட்டதும் பொட்டில் துடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் குமட்டல். பழக்கமில்லாதவர்கள் வாந்தி எடுப்பது சகஜம். மேடைக்காரர்கள் இதோடு மணிக்கணக்கில் பாடுவார்கள், சுழல்வார்கள், சண்டை போடுவார்கள். லாவ்ஷி என்ன செய்தார்? முதல் நாள் சில நிமிஷம், உடனே அவிழ்த்துவிட்டார். அடுத்த முறை கொஞ்சம் கூட. உடம்பு பழக அவகாசம் கொடுத்தார். சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டுவது என் தொழிலிலும் அரிச்சுவடிதான்.

மெய் லான்ஃபாங்கும் சின்னப் பாதம் போலத் தெரிவதற்கான மரக்கட்டைப் பாதங்களைக் கட்டிக்கொண்டு, பெஞ்சின்மேல் வைத்த ஒரு செங்கல்லில் ஊதுவத்தி எரிந்து முடியும்வரை நின்று பழகியவர். குளிர்காலத்தில் பனிக்கட்டித் தரையில் அதே கட்டைகளோடு நடந்தவர். கால் கொப்பளித்தது. கற்பித்தவரைத் தான் அப்போது நொந்துகொண்டதையும் அறுபது வயது நெருங்கியும் ஆட முடிவது அதனால்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அந்த வலி வேலையின் வலி. அதற்கு ஒரு வத்தியின் அளவு உண்டு. குருவுக்குக் கோபம் தணியும்வரை விழுகிற அடிக்கு அளவு ஏது? (அந்த மரப்பாதம் 1950களில் மேடையிலிருந்து விலக்கப்பட்டது. பெண்களின் காலைக் கட்டிய கொடுமையின் சாயல் அது. போனதில் எனக்கு வருத்தமில்லை.)

ஜூலை 22, இரவு 9.00

குரல் உடைவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓபரா பிள்ளைகளின் வாழ்க்கையில் மரண கண்டம் அதுதான்.

யூ ஷூயான் (1890-1943) சின்ன வயதிலேயே தியன்ஜினில் கொடிகட்டிப் பறந்தவர், முதிய ஆண் வேடம். குரல் உடைந்ததும் எல்லாம் போயிற்று. பல வருஷம் மேடையில்லை. சும்மா இருக்காமல் உட்கார்ந்து பயின்றார், தான் ஷின்பெய் என்ற மகா கலைஞரின் ஆட்டத்தைக் கூட்டத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தார். திரும்பி வந்தபோது முழுப்பலமான குரல் இல்லை, ஆனால் ஒரு சொல்லை எப்படி எடுத்து எப்படி வைப்பது என்பதில் அவருக்கு இணையில்லை. ஷாங்காயில் சோ ஷின்ஃபாங் என்ற நடிகருக்குக் குரல் கரகரத்தே போனது. அந்தக் கரகரப்பை வைத்தே ஒரு பாணி செய்துவிட்டார்.

இவர்கள் தப்பித்தவர்கள். தியோச்சியு ஓபரா தெரியுமல்லவா, இங்கே சிங்கப்பூரில் வாயாங் என்கிற தெருமேடைகளில் நடப்பது? தெற்குச் சீனாவில் அதற்குச் சிறுவர் குரல்தான் வேண்டும் என்று ஏழைப் பிள்ளைகளை விலைக்கு வாங்கிப் பழக்கினார்கள். அங்கேயும் பிரம்பு, அங்கேயும் ஒப்பந்தம். குரல் உடைந்ததும் பலருக்கு மேடை முடிந்தது, வீதிதான். 1951இல் அந்த முறையை ஒழித்தார்கள். பிரம்புதான் கலைஞனை உருவாக்கும் என்றால் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கே? நமக்குத் தெரிவது ஜெயித்தவர்களின் பெயர்.

ஜூலை 22, இரவு 9.20

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் ஆட மறுத்து மெய் மீசை வளர்த்த கதை பலருக்குத் தெரியும். 1945இல் மீசையை மழித்துவிட்டுத் திரும்பினார். இத்தனை வருஷ மேடை அனுபவம் இருந்தும் குரல் பழைய சுருதிக்கு ஏறவில்லை. அதனால் முதலில் குன்ச்சூ என்ற பழைய இசைநாடக வகையைத்தான் ஆடினார், அதற்குச் சுருதி தாழ்வு. தினம் பாடாவிட்டால் மெய் லான்ஃபாங்கின் தொண்டையே இறங்கிவிடும்.

ஆகஸ்ட் 3, மாலை 5.45

தொடங்கியவர் தன் கட்சிக்குக் காய் ஜியாவ்தியென் என்ற ஓபரா நடிகரை எடுத்து வந்திருக்கிறார். நல்ல உதாரணம், ஆனால் எந்தப் பக்கத்துக்கு?

தெரியாதவர்களுக்கு: புலியைக் கொன்ற பழங்கதை வீரன் வூ சோங் வேடத்தில் இவரைப் போல ஒருவரில்லை. 1934இல் ஷாங்காய் மேடையில் உயரத்திலிருந்து குதிக்கும்போது கீழே இன்னொரு நடிகர் படுத்திருந்தார். அவர்மேல் விழாமலிருக்க அந்தரத்தில் உடம்பைத் திருப்பினார். கால் எலும்பு முறிந்தது. திரை விழும்வரை ஒற்றைக் காலில் நின்றார். அப்புறம் எலும்பைத் தப்பாகச் சேர்த்துவிட்டார்கள். மறுபடி உடைத்தால்தான் சரியாகும் என்று மருத்துவர் சொல்ல, கட்டில் விளிம்பில் மோதித் தானே உடைத்துக்கொண்டார். திரும்பவும் மேடை ஏறினார்.

எலும்பு சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன், இதை யாரும் செய்யக்கூடாது என்று சத்தமாகச் சொல்ல வேண்டியது என் கடமை. ஆனால் அந்தக் காலை உடைத்தது யார்? அவரே. ஐம்பதை நெருங்கும் மனிதர், தன் கலைக்காக, தன் காலை. அவரை அடித்து யாரும் அதைச் செய்ய வைத்திருக்க முடியாது.

ஆகஸ்ட் 4, காலை 7.50

“அப்படியானால் இப்ப ஏன் யாரும் வரல?” நேர்மையான கேள்வி, பதில் சொல்லாமல் விட்டிருந்தேன்.

ஹாங்காங்கில் ஜாக்கி பத்து வருஷம் கற்று வெளியே வந்தபோது அந்த நாடகத்துக்குக் கூட்டமில்லை. அது வடக்கத்திய கலை, ஊர் பேசுவதோ கேன்டனீஸ். பிள்ளைகள் கேளிக்கைப் பூங்காவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சினிமாவில் சண்டைக்கு ஆள் தேவைப்பட்டது, அங்கே போனார்கள். ஓபரா இழந்ததைத்தான் நாம் திரையில் பார்த்துக் கைதட்டினோம்.

சீனாவுக்குள் நடந்தது இன்னும் கொடுமை. கலாசாரப் புரட்சி என்ற பெயரில் 1966இலிருந்து பத்தாண்டு பழைய நாடகங்களுக்குத் தடை, அரசு அனுமதித்த புரட்சி நாடகங்கள் மட்டுமே மேடையில். மா லியன்லியாங் 1966இல் போய்ச் சேர்ந்தார். நாலு பெரியவர்களில் ஒருவரான ஷுன் ஹுய்ஷெங் 1968இல். நேற்று சொன்ன காய் ஜியாவ்தியெனை அந்த வயதில் அவமானப்படுத்தி அலைக்கழித்தார்கள், 1971இல் இறந்தார். நாடகங்களைத் தலையில் சுமந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பத்து வயதில் தொடங்க வேண்டிய ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மேடையில்லை. பிரம்பு போனதால் கலை போயிற்று என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது? அந்தப் பத்து வருஷத்தில் அடிக்கா பஞ்சம்?

ஆகஸ்ட் 11, இரவு 10.40

பெண்கள் ஆடவே இல்லையா என்று கேட்டவருக்கு. சிங் அரச வம்ச ஆட்சியில் பெய்ஜிங் மேடையில் பெண்களுக்கு இடமில்லை, அதனால்தான் பெண் வேடத்துக்கு ஆண்கள் இவ்வளவு பழகினார்கள். 1912க்குப் பிறகு மெல்லத் திறந்தது.

எனக்குப் பிடித்த மெங் ஷியாவ்தோங் (1908-1977) ஷாங்காய்க்காரர். பெண், ஆனால் கட்டியது முதிய ஆண் வேடம். இளவயதிலேயே பெரிய நட்சத்திரம், மெய் லான்ஃபாங்கோடு வாழ்ந்து பிரிந்தவர். முப்பது வயதில், 1938இல், மேலே சொன்ன யூ ஷூயானிடம் போய் மாணவியாகச் சேர்ந்தார். நோயாளிக் குரு. அவர் இறக்கும்வரை ஐந்து வருஷம், இரவுப் பாடங்கள். புகழெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு சொல், ஒரு மூச்சு என்று முதலிலிருந்து தொடங்கினார். கற்ற நாடகங்கள் எண்ணிக்கையில் குறைவு. 1947இல் ஷாங்காயில் மேடையேறியபோது டிக்கெட்டுக்கு ஊரே அலைந்தது. அதோடு மேடையை விட்டுவிட்டார்.

ஒப்பந்தம் இல்லை. பிரம்பு இல்லை. போகாதே என்று தடுத்தாலும் போயிருப்பார்.

ஆகஸ்ட் 26, இரவு 11.30

சீனர்களின் ஏழாம் மாதம், ஆவிகளுக்கான மாதம், வந்துவிட்டது, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் வாயாங் கொட்டகை போட்டிருக்கிறார்கள். முன்வரிசை ஆவிகளுக்காகக் காலி. பின்னால் நாலைந்து பெரியவர்களும் நானும். லாவ்ஷிக்குத் தெரிந்தவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் போக விட்டார். மின்விசிறிக்கு முன்னால் தலைக்கட்டோடு ஒரு அம்மா கோப்பி குடித்துக்கொண்டிருந்தார், உதட்டுச் சாயம் கலையாமலிருக்க ஸ்ட்ரா. அறுபதுக்கு மேல் வயது. முழங்கால் வீங்கியிருந்தது. கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தேன். பதிலுக்கு, சட்டைக்கையில் தைத்த நீள வெள்ளைத் துணியை எப்படி மூன்று மடிப்பில் மணிக்கட்டுக்கு மேல் திரட்டுவது என்று காட்டினார். வேகம் கையில் இல்லை, கட்டைவிரலில் இருக்கிறது. மூன்று முறை காட்டியும் எனக்கு வரவில்லை. நாலாவது முறையும் சலிக்காமல் காட்டினார்.

செப்டம்பர் 1, மதியம் 2.15

ஒன்பது வயது மகளைச் சேர்க்கலாமா என்று கேட்ட சகோதரிக்கு: தாராளமாக. ஆனால் போய் ஒரு வகுப்பை முழுசாகப் பாருங்கள். சூடேற்றும் பயிற்சி இல்லாமல் கால் விரிக்கச் சொன்னால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பிள்ளையின் காலை வேறு யாரும் அமுக்கக்கூடாது, தன் கனத்தில் தானே இறங்கட்டும். கூர்மையாகக் குத்துகிற வலி வந்தால் அங்கேயே நிறுத்தம். வருஷத்துக்கு எத்தனை முறை மேடை தருவார்கள் என்று கேளுங்கள், அது முக்கியம். 1955இல் மெய் லான்ஃபாங்கை வைத்து வண்ணத்தில் எடுத்த மேடைப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அப்போது அவருக்கு அறுபது. பாட்டு புரியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளையைக் கண்ணை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

காலுக்குத் தட்டையான துணிச் செருப்பு போதும், விளையாட்டு ஷூ வேண்டாம். தாள் அவர்களே கொடுப்பார்கள்.